தற்குறியும் கையொப்பமும்: ஜப்பானிய எழுத்தறிவு வரலாற்றில் எண்களின் பொருள்

ஆய்வுச் சுருக்கம்

தோக்குகாவா காலத்தின் இறுதியிலேயே ஜப்பானியப் பொதுமக்கள் பெருமளவில் எழுத்தறிவு பெற்றிருந்தனர் என்பதும், அவ்வெழுத்தறிவே அந்நாட்டின் விரைவான நவீனமயமாக்கத்திற்கு அடித்தளமாயிற்று என்பதும் கல்வி வரலாற்றில் பரவலாக ஏற்கப்பட்ட கருத்துகள். இக்கருத்துகளுக்குச் சான்றாகக் காட்டப்படும் எண்கள் எதனை அளந்தன என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. பள்ளி சென்றோர் தொகை, தம் பெயரை எழுதத் தெரிந்தோர் தொகை, தேர்வில் முழு மதிப்பெண் பெற்றோர் தொகை ஆகியவை வெவ்வேறு பொருள்களின் அளவைகள். இவற்றை ஒரே ஏறுமுகக் கோட்டில் வைத்துப் படிப்பதால் பெண்களும் பின்தங்கிய பகுதியினரும் ஒடுக்கப்பட்ட சமூகத்தினரும் வரலாற்றிலிருந்து விடுபட்டுப் போகின்றனர் என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: எழுத்தறிவு, தெராகோயா, மெய்ஜி கல்வி, கையொப்பச் சான்று, 1948 ஆய்வு, புராகுமின்

முன்னுரை

ஜப்பானியக் கல்வி வரலாறு பற்றிய உரையாடல்களில் ஓர் எண் தவறாமல் இடம்பெறும். 1868இல் மெய்ஜி மீட்சி நிகழ்ந்தபோது, ஆண் பிள்ளைகளில் நாற்பது விழுக்காட்டிற்கும் மேற்பட்டோரும் பெண் பிள்ளைகளில் பத்து முதல் பதினைந்து விழுக்காட்டினரும் ஏதேனும் ஒரு வகைக் கல்வி பெற்றிருந்தனர் என்பதே அது. 1965இல் வெளிவந்த இரு நூல்கள் இம்மதிப்பீட்டை நிலைநிறுத்தின. ஒன்று ரொனால்டு டோர் எழுதிய தோக்குகாவா காலக் கல்வி பற்றிய நூல்; மற்றொன்று ஹெர்பர்ட் பாஸின் எழுதிய ஜப்பானியச் சமூகமும் கல்வியும் பற்றிய நூல். மேலைநாடு அல்லாத ஒரு நாடு எவ்வாறு நவீனமானது என்பதை விளக்க முனைந்த அறிஞர்களுக்கு இம்மதிப்பீடு பெரிதும் பயன்பட்டது.

டோரின் நூல் இன்றும் மதிப்பிழக்கவில்லை. சாமுராய்களின் கல்வியைப் பற்றி மட்டுமே பேசிவந்த சூழலில், உழவரும் வணிகரும் கற்ற பள்ளிகளை வரலாற்றின் நடுவில் நிறுத்தியது அந்நூல். ஆயினும் அவர் தந்தது பள்ளி சென்றோர் பற்றிய மதிப்பீடு மட்டுமே. அது பிற்கால எழுத்துகளில் எழுத்தறிவு விழுக்காடாக உருமாறியது. பள்ளிக்குச் செல்வதும் படிக்கத் தெரிவதும் ஒன்றன்று என்னும் எளிய வேறுபாடு மேற்கோள்களின் வழியே தேய்ந்து மறைந்தது. இத்தேய்மானத்தின் விளைவுகளை மூன்று காலகட்டங்களில் இக்கட்டுரை ஆராய்கிறது.

தெராகோயாவில் கற்றது எது?

தெராகோயா என்னும் சொல் கோயிற்பள்ளி என்று பொருள்படுமேனும், தோக்குகாவா காலத்தின் பிற்பகுதியில் அப்பள்ளிகளுட் பல கோயில் சார்ந்தவை அல்ல. துறவியரோடு கிராமத் தலைவர், வறிய சாமுராய், நகரப் பொதுமக்கள் ஆகியோரும் அவற்றை நடத்தினர். எடோ நகரில் பெண் ஆசிரியரும் இருந்தனர். மெய்ஜி அரசின் கல்வி அமைச்சகம் பின்னாளில் திரட்டிய ஆவணத் தொகுப்பில் பதினைந்தாயிரத்திற்கும் மேற்பட்ட தெராகோயாக்கள் பதிவாயின.

இப்பள்ளிகளின் கற்பித்தல் முறையை நினைவிற் கொள்ளாமல் இவற்றின் பயனை அளக்க இயலாது. அங்கு வகுப்பு என்னும் அமைப்பு இல்லை. பிள்ளைகள் வெவ்வேறு காலங்களில் சேர்ந்தனர். ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் அவரவர் தேவைக்கேற்பப் படி எழுதிக் கொடுத்தார். அதனைப் பார்த்துத் தூரிகையால் எழுதிப் பழகுவதே பாடம். தாள் முழுவதும் கறுக்கும்வரை அதன்மேலேயே மீண்டும் மீண்டும் எழுதினர். முதலில் இரோஹா என்னும் வரிசையில் கானா எழுத்துகள். அடுத்து எண்கள், ஆட்பெயர்களில் வரும் எழுத்துகள், சுற்றுப்புற ஊர்ப்பெயர்கள். அதன்பின் ஓராய்மோனோ எனப்படும் கடித வடிவப் பாடநூல்கள். வணிகர் பிள்ளைக்கு வணிகச் சொற்கள் நிறைந்த நூல்; உழவர் பிள்ளைக்கு விளைச்சல், வரி, கருவிகள் பற்றிய நூல். பலர் ஓராய்மோனோவை எட்டுமுன்பே பள்ளியை விட்டனர்.

எழுதுவதே முதலிலும் படிப்பது அதன் வழியாகவும் வந்தது என்பது இங்கு முதன்மையான செய்தி. ஐரோப்பிய எழுத்தறிவு ஆய்வில் கையொப்பம் நம்பத்தக்க அளவுகோலாகக் கருதப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கு முதலில் படிக்கவும் பின்னரே எழுதவும் கற்பித்தனர். ஆகவே கையொப்பமிடத் தெரிந்தவருக்குப் படிக்கவும் தெரிந்திருக்கும் என்று கொள்ள இடமிருந்தது. தெராகோயாவிலோ ஆட்பெயர் எழுத்துகள் தொடக்கநிலைப் பாடம். தம் பெயரை எழுதத் தெரிந்த ஒருவருக்கு ஓர் அறிவிப்பைப் படிக்கத் தெரிந்திருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஓரிடத்துக் கற்பித்தல் முறையிலிருந்து பிறந்த அளவுகோலை வேறோரிடத்துக்குக் கொண்டு செல்லும்போது அது அளக்கும் பொருளே மாறிவிடுகிறது.

ரூபிஞ்சரின் மாற்றுச் சான்றுகள்

2007இல் வெளிவந்த ரிச்சர்டு ரூபிஞ்சரின் நூல், பள்ளிகளை எண்ணுவதை விடுத்து மக்கள் விட்டுச்சென்ற எழுத்துத் தடங்களைத் தேடியது. தமிழில் தற்குறி என்னும் சொல் எழுதத் தெரியாமல் தானே ஓர் அடையாளம் இடுபவரைக் குறித்துப் பின் வசையாகவும் மாறியதை அறிந்த நமக்கு, அவர் கையாண்ட சான்றுகளின் இயல்பு எளிதில் விளங்கும். பதினேழாம் நூற்றாண்டில் கிறித்தவ சமயத் தொடர்பு இல்லை என உறுதிகூறி நகரத்தார் அளித்த ஆவணங்களில், குடும்பத் தலைவர் சிலர் காஓ எனப்படும் தூரிகைக் கையொப்பம் இட்டனர். வேறு சிலர் முத்திரை பதித்தனர். இன்னும் சிலர் தூரிகையின் அடிமுனையை மையில் தோய்த்து ஒரு வட்டம் மட்டும் ஒற்றினர். இவ்வேறுபாடுகளோடு கிராமத் தலைவர் தேர்தல் வாக்குச் சீட்டுகள், 1899 முதல் படைக்கு அழைக்கப்பட்ட இளைஞரிடம் நடத்தப்பட்ட கல்வித் தேர்வு ஆகியவற்றையும் அவர் சான்றாகக் கொண்டார்.

அவர் கண்ட முடிவு, ஒரே நாட்டில் இரு எழுத்துப் பண்பாடுகள் நிலவின என்பது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி, சாமுராய்கள் நிலத்திலிருந்து பிரிக்கப்பட்டுக் கோட்டை நகரங்களில் குடியமர்த்தப்பட்டனர். கிராமங்களின் வரிக்கணக்கு, நிலப்பதிவு, வழக்கு, முறையீடு அனைத்தும் கிராமத் தலைவர்களின் பொறுப்பாயின. வரி கிராமம் முழுமைக்கும் ஒரே தொகையாக விதிக்கப்பட்டதால், எழுத்து அறியாத தலைவரால் ஊரைக் காக்க இயலாது. எனவே பதினேழாம் நூற்றாண்டிலேயே கிராமத் தலைவர்கள் உயர்ந்த எழுத்தாற்றல் பெற்றிருந்தனர். அலுவல் ஆவணங்கள் பெரும்பாலும் ஓயிஎ என்னும் ஒரே கையெழுத்துப் பாணியில் அமைந்ததும், சோரோபுன் என்னும் ஒரே எழுத்துநடையைப் பின்பற்றியதும் தொலைவிலுள்ள ஆட்சியரோடு அவர்களை இணைத்தன. ஆனால் அதே ஊரின் எளிய உழவருக்கும் அவர்களுக்கும் இடையிலான இடைவெளி நெடுங்காலம் நீடித்தது.

டோர், ரூபிஞ்சர் இருவரையும் எதிரெதிர் நிறுத்துவது எளிது, அது சரியன்று. டோர் கேட்ட வினா எத்தனை பேர் கற்றனர் என்பது. ரூபிஞ்சர் கேட்ட வினா யார், எதற்காகக் கற்றனர் என்பது. முதல் வினாவின் விடையை இரண்டாம் வினாவின் விடையாகக் கொண்டதே பிற்கால எழுத்தாளரின் பிழை. எனினும் ரூபிஞ்சரின் சான்றுகளிலும் ஒரு குறை உண்டு. குடும்பத் தலைவர்கள் இட்ட அடையாளங்களில் பெண்களின் கை அரிதாகவே தெரிகிறது. பெண்கள் எழுதிய கடிதங்களும் நாட்குறிப்புகளும் மிகுதியாகக் கிடைக்கும் ஒரு பண்பாட்டில், ஆவண வகையின் எல்லையே ஆய்வின் எல்லையாகிவிடும் இடர் இங்குள்ளது.

பெயர் எழுதத் தெரிந்தோர்: மெய்ஜி காலக் கணக்குகள்

மெய்ஜி அரசு 1872இல் கல்விச் சட்டம் இயற்றி, நாடு முழுவதும் 53,760 தொடக்கப்பள்ளிகள் நிறுவத் திட்டமிட்டது. அடுத்த சில ஆண்டுகளில், ஆறு வயதிற்கு மேற்பட்டோரில் தம் பெயரை எழுதத் தெரிந்தவர் எத்தனை பேர் என்னும் கணக்கு சில மாகாணங்களில் எடுக்கப்பட்டது. ஷிகாவில் 1877இல் ஆண்களில் 89 விழுக்காட்டினரும் பெண்களில் 39 விழுக்காட்டினரும் எழுதத் தெரிந்தோர். குன்மாவில் 1880இல் இவை 79, 23. ஒகயாமாவில் 1887இல் 66, 42. அவோமோரியில் 1884இல் ஆண்கள் 37, பெண்களோ மூன்று விழுக்காட்டிற்கும் குறைவு. அதே ஆண்டில் ககோஷிமாவில் ஆண்கள் 33, பெண்கள் 4.

கணக்கெடுப்பு ஆண்டுகள் வேறுபடுவதால் இவற்றை நேரடியாக ஒப்பிடுவதில் எச்சரிக்கை தேவை. அவ்வெச்சரிக்கையுடனும் இரு செய்திகள் தெளிவாகின்றன.

முதலாவது, ஆண்களிடையே மிக உயர்ந்த மாகாணத்திற்கும் மிகத் தாழ்ந்த மாகாணத்திற்கும் உள்ள வேறுபாடு மூன்று மடங்கினும் குறைவு. பெண்களிடையே அது பத்து மடங்கிற்கும் மேல். எந்த ஊரில் பிறந்தோம் என்பது ஓர் ஆணின் எழுத்தறிவைப் பாதித்தது. ஒரு பெண்ணின் எழுத்தறிவையோ ஏறக்குறைய முடிவே செய்தது. தேசியச் சராசரி என்னும் ஒற்றை எண் மறைப்பது இதனைத்தான்.

இரண்டாவது செய்தி நவீனமயமாக்கக் கோட்பாட்டிற்கு மேலும் இடர் தருவது. ஷிகா, நாடெங்கும் வணிகம் செய்த ஓமி வணிகர்களின் தாயகம். கணக்கேட்டை நம்பி வாழ்ந்த அப்பகுதியில் எழுத்தறிவு செழித்ததில் வியப்பில்லை. ககோஷிமாவோ பழைய சட்சுமா சிற்றரசு. மெய்ஜி மீட்சியை முன்னின்று நடத்திய ஆற்றல்களுள் ஒன்று. நாடு முழுவதும் சாமுராய்க் குடும்பத்தினர் ஆறு, ஏழு விழுக்காடாக இருக்கையில், சட்சுமாவில் அவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர். மீட்சிக்குப் பதினாறு ஆண்டுகளுக்குப் பின்னும் அங்கு எழுதத் தெரிந்த ஆண்களின் விழுக்காடு, சாமுராய் வகுப்பின் பங்கை அதிகம் விஞ்சவில்லை. அதாவது, பொதுமக்களின் எழுத்தறிவு மிகக் குறைந்திருந்த ஒரு பகுதியே நாட்டை நவீனத்தின் பக்கம் திருப்பியது. பொதுமக்களின் எழுத்தறிவு பயனற்றது என்பது இதன் பொருளன்று. அரசாணைகளும் செய்தித்தாளும் ஊர்களை எட்டியபின் அது பெரும்பங்கு ஆற்றியது. ஆனால் மீட்சிக்கு அதுவே காரணம் என்னும் வாதத்திற்கு ககோஷிமா ஒத்துழைப்பதில்லை.

பெயர் எழுதத் தெரிவதன் உண்மையான பயன் என்ன என்பதற்கு 1881இல் நாகனோ மாகாணத்தின் தோக்கிவா கிராமத்தில் எடுக்கப்பட்ட கணக்கு விடை தருகிறது. பதினைந்து வயதிற்கு மேற்பட்ட 882 ஆண்களின் திறன் அங்குப் படிநிலைகளாகப் பகுக்கப்பட்டது. பெயரும் ஊரும் எழுதத் தெரியாதோர் 312 பேர். அவற்றை மட்டும் எழுதத் தெரிந்தோர் 363 பேர். அன்றாட வரவுசெலவு எழுதத் தெரிந்தோர் 128 பேர். கடிதமும் ஒப்பந்தமும் ஓரளவு எழுதவல்லோர் 39 பேர். அவற்றைத் தடையின்றி எழுதவல்லோர் 8 பேர். அரசு அறிவிப்பைப் படிக்கவல்லோர் 15 பேர். அதனோடு செய்தித்தாளின் தலையங்கத்தையும் படிக்கவல்லோர் 17 பேர்.

கையொப்ப அளவுகோலின்படி இக்கிராமத்து ஆண்களில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் எழுத்தறிவு பெற்றவர். அரசு தமக்கு எதை ஆணையிடுகிறது என்பதைத் தாமே படித்தறிய வல்லோர் 32 பேர் மட்டுமே. நான்கு விழுக்காட்டிற்கும் குறைவு. இரண்டு எண்களும் ஒரே ஊரைப் பற்றியவை, ஒரே ஆண்டுக்குரியவை, இரண்டும் உண்மையானவை. எந்த எண்ணை எடுத்துக்காட்டுகிறோம் என்பது நாம் சொல்ல விரும்பும் கதையைப் பொறுத்தது.

பள்ளிச் சேர்க்கையும் எழுத்தின் மாற்றமும்

1873இல் தொடக்கப்பள்ளிச் சேர்க்கை ஆண்களில் 40, பெண்களில் 15 விழுக்காடு. பள்ளிச் செலவைப் பெரிதும் ஊர்மக்களே ஏற்க வேண்டியிருந்தது. பிள்ளைகளின் உழைப்பும் குடும்பத்திற்குத் தேவைப்பட்டது. அவ்வாண்டில் கட்டாயப் படைச்சேவைக்கும் புதிய ஆணைகளுக்கும் எதிராக மிமசாக்கா முதலிய பகுதிகளில் எழுந்த கலகங்களில் பள்ளிகளும் தாக்கப்பட்டன. மிமசாக்காவில் கலகக்காரர், தீண்டத்தகாதோராய் ஒதுக்கப்பட்டிருந்து 1871 ஆணையால் சட்டப்படி விடுதலை பெற்ற மக்களின் குடியிருப்புகளையும் தாக்கினர். புதிய பள்ளியும் புதிய சமத்துவமும் ஒரே கூட்டத்தின் சினத்திற்கு இலக்கானமை கருதத்தக்கது.

1900இல் கட்டாயக் கல்விக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. அவ்வாண்டில் சேர்க்கை ஆண்களில் 90, பெண்களில் 72 விழுக்காட்டை எட்டியது. 1907இல் கட்டாயக் கல்வி ஆறு ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. இவ்வேற்றம் உண்மையானது; பெரிதும் போற்றத்தக்கது. ஆனால் இதே காலத்தில், கற்க வேண்டிய எழுத்தே மாறியது என்பதைச் சேர்க்கைக் கணக்குகள் காட்டுவதில்லை. ஓர் ஒலிக்குப் பல வடிவங்களில் எழுதப்பட்டுவந்த கானா, 1900ஆம் ஆண்டின் பள்ளி விதிகளால் ஒலிக்கு ஒரு வடிவம் எனச் சுருக்கப்பட்டது; தொடக்கப்பள்ளியில் கற்பிக்கும் காஞ்சி எழுத்துகள் ஏறத்தாழ 1,200 என வரையறுக்கப்பட்டன. தூரிகையால் கூட்டியெழுதிய சரிவெழுத்தின் இடத்தை அச்செழுத்தும், சோரோபுன் நடையின் இடத்தைப் பேச்சை ஒட்டிய உரைநடையும் படிப்படியாகப் பிடித்தன.

ஆகவே தெராகோயாவின் எழுத்தறிவு வளர்ந்து பள்ளியின் எழுத்தறிவு ஆனது எனக் கூறுவது முழு உண்மையாகாது. ஒன்று விலகி மற்றொன்று வந்தது. இன்று பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற ஜப்பானியரிற் பெரும்பாலோரால், தனிப்பயிற்சி இன்றி, இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் உழவர் பிள்ளை எழுதிப் பழகிய பாடத்தைப் படிக்க இயலாது. எழுத்தறிவைக் காலந்தோறும் கூடிச்செல்லும் ஒரே பொருளாகக் கருதுவோர் எதிர்கொள்ள வேண்டிய உண்மை இது.

1948: நினைவில் நின்ற எண்ணும் மறந்த எண்ணும்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜப்பானுக்கு வந்த அமெரிக்கக் கல்விக்குழு, 1946இல் உரோம எழுத்தை ஏற்குமாறு பரிந்துரைத்தது. அவ்வாண்டு நவம்பரில் ஜப்பானிய அரசு பொதுப் பயன்பாட்டுக்கென 1,850 காஞ்சி எழுத்துகளை அறிவித்தது. இச்சூழலில், நேசநாட்டுப் படைத் தலைமையகத்தின் தூண்டுதலால் 1948 ஆகஸ்டில் நாடளாவிய எழுத்தறிவு ஆய்வு நடைபெற்றது. பதினைந்து முதல் அறுபத்து நான்கு வயதுவரையுள்ள ஏறத்தாழ 16,800 பேர் தேர்வெழுதினர்.

இவ்வாய்வின் முடிவுகளுள் ஒன்று எங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. கானாவைக்கூட எழுத இயலாதோர் 1.7 விழுக்காடு, கானா மட்டும் எழுதவல்லோரையும் சேர்த்தால் 2.1 விழுக்காடு. ஆனால் ஆய்வாளர்கள் தாமே வகுத்த அளவுகோல் வேறு. சமூக வாழ்வுக்கு இன்றியமையாத எழுத்தை மட்டும் கொண்டு வினாக்களை அமைத்ததால், அவை அனைத்திற்கும் விடையளித்தவரே எழுத்தறிவு பெற்றவர் என்று அவர்கள் கொண்டனர். கவனப் பிழைகளை விலக்கிக் கணக்கிட்டும் அத்தகையோர் 6.2 விழுக்காட்டினரே. சராசரி மதிப்பெண் நூற்றுக்கு 78.

ஒரே அறிக்கையில் இரு எண்கள் இருந்தன. முற்றிலும் அறியாதோர் மிகச்சிலர் என்றது ஒன்று. முழுமையாக அறிந்தோரும் மிகச்சிலர் என்றது மற்றொன்று. பொதுநினைவு முதலாவதைப் பற்றிக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டது. 1964இல் யுனெஸ்கோ வினவியபோது, ஜப்பானில் எழுத்தறிவின்மைச் சிக்கல் முற்றிலும் தீர்ந்துவிட்டது என்னும் பொருளில் கல்வி அமைச்சகம் விடையளித்தது.

அதே ஆண்டுகளில், சிக்கல் தீரவில்லை என்பதற்கான சான்று நீதிமன்றத்தில் இருந்தது. 1963இல் சைத்தாமா மாகாணத்தின் சாயமாவில் நிகழ்ந்த கடத்தல் கொலை வழக்கில், புராகுமின் இளைஞர் ஒருவர் கைதானார். வறுமையால் பள்ளிக்கல்வி தடைப்பட்ட அவரால், மீட்புப்பணம் கேட்டு எழுதப்பட்ட கடிதத்தை எழுதியிருக்க இயலாது என்பது பின்னாளில் அவர் தரப்பின் முதன்மை வாதங்களுள் ஒன்றாயிற்று. 1964இல் விதிக்கப்பட்ட மரண தண்டனை 1974இல் ஆயுள் தண்டனையானது. விடுதலைக்குப் பின்னும் மறுவிசாரணைக் கோரிக்கை தொடர்ந்தது. எழுத்தறிவின்மையே இல்லை என்று அமைச்சகம் அறிவித்த ஆண்டில், எழுத்தறிவு எவ்வளவு என்பதைச் சார்ந்து ஒருவரின் உயிர் ஊசலாடியது. அக்காலத்தில்தான் புராகுமின் குடியிருப்புகளில், சிறப்பாக ஃபுக்குவோக்காவின் நிலக்கரிப் பகுதிகளில், முதியோருக்கான எழுத்தறிவு வகுப்புகள் மக்கள் இயக்கமாகத் தொடங்கின. அவ்வகுப்புகளில் எழுதக் கற்றோருட் பலர் பெண்கள்.

இம்மக்கள் அரசுக் கணக்கில் தென்பட மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. இரவு நடுநிலைப்பள்ளிகள் சட்டப் பாதுகாப்புப் பெற்றது 2016இல். தொடக்கப்பள்ளியோடு நின்றோரை நடுநிலைப்பள்ளி முடித்தோரிடமிருந்து முதன்முறையாகப் பிரித்துக் கணக்கிட்டது 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதன்படி தொடக்கப்பள்ளியோடு கல்வியை முடித்தோர் ஏறத்தாழ 8,04,000 பேர். அதையும் முடிக்காதோர் ஏறத்தாழ 94,000 பேர். தீர்ந்ததாக அறிவிக்கப்பட்ட சிக்கலை எவரும் எண்ண முற்படுவதில்லை. எண்ணப்படாதது இல்லாததாகவே கொள்ளப்படும்.

முடிவுரை

ஜப்பானியக் கல்வியின் சாதனையைக் குறைத்துக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அரசின் ஆணையின்றி ஊர்மக்களே ஆயிரக்கணக்கான பள்ளிகளை நடத்தியதும், ஒரு தலைமுறைக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் பெண் கல்விச் சேர்க்கை 15 விழுக்காட்டிலிருந்து 72 விழுக்காட்டிற்கு உயர்ந்ததும் அரிய நிகழ்வுகள். ஆனால் பள்ளி சென்றோர், பெயர் எழுதினோர், அறிவிப்பைப் படித்தோர், தேர்வில் தேறியோர் ஆகியோரை ஒரே சொல்லால் சுட்டி ஒரே வரைபடத்தில் நிறுத்தும்போது வரலாறு பிழைபடுகிறது.

தமிழில் ஜப்பானியக் கல்வியை முன்மாதிரியாகக் காட்டி எழுதுவோருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. ஓர் எண்ணை எடுத்தாளுமுன் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று: எதைப் படிக்கத் தெரிந்தவர்? யாருடைய தேவைக்காக அது அளக்கப்பட்டது? அளந்தபோது விடுபட்டவர் யார்? தோக்கிவா கிராமத்தில் ஊர்ப்பெயரும் தம்பெயரும் மட்டும் எழுதத் தெரிந்த 363 ஆண்கள் எழுத்தறிவு பெற்றவரா, அல்லரா என்பதை அக்கணக்கே முடிவு செய்யவில்லை. அவர்களைத் தனியே ஒரு வரியில் நிறுத்தியது. ஆய்வு தொடங்க வேண்டிய இடம் அந்த வரியே. அக்கிராமத்துப் பெண்களுக்கு அக்கணக்கில் ஒரு வரியும் ஒதுக்கப்படவில்லை என்பதும் அத்தொடக்கத்தில் நினைவிற் கொள்ள வேண்டியது.